பெங்களூருக் காற்றின் அடர்த்தி: பாய்மவியல் ஆராய்ச்சியில் ஓர் எண்ணை எப்போது நம்பலாம்?

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சுமார் 91 கிலோபாஸ்கல்தான். வெப்பநிலை 25 டிகிரியாக இருந்தால் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.06 கிலோகிராம் அளவில் வரும். பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்க அட்டவணையில் இருப்பதோ 1.225. அது கடல்மட்டத்துக்கும் 15 டிகிரிக்கும் உரிய எண்.

சென்னையிலோ திருச்சியிலோ பி.இ. முடித்து இங்கே ஆராய்ச்சிக்கு வரும் மாணவர் ஒருவர் காற்றுச் சுரங்கத்தில் பிட்டோ குழாயை (அழுத்த வேறுபாட்டிலிருந்து வேகத்தை அறியும் கருவி) வைத்து அழுத்த வேறுபாட்டை அளக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழக்கத்தில் 1.225 என்று போட்டுவிட்டால், கணக்கில் வரும் வேகம் உண்மை வேகத்தைவிட 7 சதவீதம் குறைந்துவிடும். பாகுநிலையைச் சரியாகவே போட்டிருந்தாலும், ரெனால்ட்ஸ் எண் (அடர்த்தி, வேகம், அளவு மூன்றையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தது) 7 சதவீதம் கூடிவிடும். இழுவைக் குணகம் மட்டும் தப்பிக்கும். இழுவை விசையை எதனால் வகுக்கிறோமோ, அந்த இயக்க அழுத்தத்தைப் பிட்டோ குழாய் நேரடியாகவே காட்டிவிடுவதால் அங்கே அடர்த்திக்கு வேலை இல்லை. ஆக, வரைபடத்தின் செங்குத்து அச்சு (இழுவைக் குணகம்) சரியாகவும் கிடை அச்சு (ரெனால்ட்ஸ் எண்) தவறாகவும் இருக்கும். முழுவதும் தவறான விடையைப் பார்த்தவுடன் பிடித்துவிடலாம். பாதி சரியாக இருக்கும் விடைதான் ஆய்வேடு வரை போய்விடுகிறது.

நீரும் காற்றும் ஓடும் விதத்தை ஆராயும் பாய்மவியலில் எம்.டெக்., பிஎச்.டி. என்று செலவாகும் வருடங்களில் பெரும்பகுதி இந்த வேலைக்குத்தான் போகிறது. புதிய சமன்பாடு கண்டுபிடிப்பவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் கற்பது, கருவியோ கணினியோ தரும் ஓர் எண்ணை நம்புவதற்கான தகுதியை எப்படிச் சம்பாதிப்பது என்பதை. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். விமான இன்ஜினின் டர்பைன் இதழ் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது கடைசியில் இப்படிப்பட்ட ஓர் எண்ணில்தான் நிற்கிறது.

சமன்பாடு நம்மிடம் இல்லாமல் இல்லை. நேவியர் 1822-இல் எழுதி, ஸ்டோக்ஸ் 1845-இல் செம்மைப்படுத்திய சமன்பாடுகள் குழாய் நீருக்கும் புயலுக்கும் ஒன்றேதான். ஓட்டம் கொந்தளிக்கத் தொடங்கியதும்தான் சிக்கல். 1883-இல் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயத்தை விட்டுப் பார்த்தபோது சாய இழை நேராகப் போய், ஓரிடத்தில் திடீரென்று கலைந்தது. வகுப்பில் ரெனால்ட்ஸ் எண் 2,000-ஐத் தாண்டினால் கொந்தளிப்பு என்று மனப்பாடம் செய்துவைப்போம். ஆனால் குழாயின் வாயை வழவழப்பாக்கி, தொட்டித் தண்ணீரை அசையாமல் வைத்தால் 10,000-ஐத் தாண்டியும் சீரோட்டமாகவே ஓட்ட முடியும். ஓட்டம் எப்போது மாறும் என்பது உள்ளே வரும் சிறு அதிர்வுகளையும் பொறுத்தது. ஆய்வுக்கூடக் கதவை யாராவது வேகமாகச் சாத்தினாலே அன்றைய அளவீடு மாறிப்போகலாம்.

இந்தத் துறையில் பெங்களூருக்குப் பழைய வேர் உண்டு. இந்திய அறிவியல் கழகத்தில் வானூர்திப் பொறியியல் துறை 1942-இல் தொடங்கியது. 1951-இல் சதீஷ் தவான் அங்கே வந்து சேர்ந்தார். கலிஃபோர்னியாவில் ஹான்ஸ் லீப்மனிடம் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு, சுவரின் மேல் ஓடும் காற்று சுவரை எவ்வளவு இழுக்கிறது என்பதை நேரடியாக அளப்பது. சுவரிலிருந்து ஒரு சிறு துண்டை மட்டும் பிரித்து, மெல்லிய தாங்கிகளில் மிதப்பதுபோல் நிறுத்தி, காற்று அதைத் தள்ளும் தூரத்திலிருந்து விசையைக் கணக்கிட வேண்டும். கேட்க எளிது. அந்தத் துண்டு சுவர் மட்டத்திலிருந்து இம்மியளவு மேலே எழும்பினாலோ கீழே இறங்கினாலோ, இடைவெளியில் காற்று புகுந்து அழுத்த விசையும் சேர்ந்துகொள்ளும். அப்போது அளப்பது உராய்வை அல்ல.

தவானும் அவருடைய மாணவர் ரொத்தம் நரசிம்மாவும் அடுத்துச் செய்த வேலை இன்னும் அழகானது. சுவரை ஒட்டிய எல்லைப் படலம் சீரோட்டத்திலிருந்து கொந்தளிப்புக்கு மாறும் பகுதியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அங்கே சராசரி வேகத்தை மட்டும் அளந்தால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் ஓட்டம் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அப்படி ஓர் ஓட்டம் அங்கே இல்லை. கொந்தளிப்புத் திட்டுகள் வந்து வந்து போகின்றன. ஒரு கணம் முழுச் சீரோட்டம், மறுகணம் முழுக் கொந்தளிப்பு. ஓரிடத்தில் எத்தனை பங்கு நேரம் கொந்தளிப்பு இருக்கிறது என்பதை நரசிம்மா 1957-இல் ஒரே வளைகோட்டில் அடக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, அந்த நேரப் பங்கை வைத்தே இரண்டு ஓட்டங்களையும் கலந்து வேகத்தையும் உராய்வையும் கணக்கிடும் வழியைத் தந்தது. டர்பைன் இதழ்களின் மேல் வெப்பம் எங்கே திடீரென்று ஏறும் என்று கணிக்க இன்றைக்கும் அந்த வளைகோடு பயன்படுகிறது. சராசரி என்ற எண் சரியாக அளக்கப்பட்டதுதான். ஆனால் அது எந்தக் கணத்திலும் நிகழாத ஓர் ஓட்டத்தின் எண். துறைக்குள் வரும் ஒவ்வொருவரும் முதல் மாதத்திலேயே இந்தக் கட்டுரையைப் படித்துவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

சோதனைக் கூடத்தில் இன்று என்ன நடக்கிறது? வேகத்தின் நுண்ணிய ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கச் சூட்டுக்கம்பி அளவியை இன்னும் விடவில்லை. 5 மைக்ரான் தடிமனும் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய நீளமும் உள்ள டங்ஸ்டன் கம்பியை மின்சாரத்தால் சூடாக்கி, அதன் வெப்பநிலை மாறாதபடி ஒரு மின்சுற்று பார்த்துக்கொள்ளும். காற்று கூடினால் கம்பி குளிரப் பார்க்கும், சுற்று மின்னழுத்தத்தைக் கூட்டும். மின்னழுத்தத்தின் வர்க்கம் என்பது ஒரு மாறிலியும், வேகத்தின் சுமார் 0.45 படியின் மடங்கும் சேர்ந்தது. கிங் 1914-இல் தந்த விதியின் இன்றைய வடிவம் இது. பிட்டோ குழாயை அருகில் வைத்துப் பத்துப் பன்னிரண்டு வேகங்களில் ஒப்பிட்டு மாறிலிகளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் எது கெடுகிறது? முதலில் வெப்பநிலை. காற்று ஒரு டிகிரி சூடானால் கம்பி காட்டும் வேகத்தில் 2 சதவீத அளவுக்குப் பிழை வரும். பெங்களூரில் பிப்ரவரி மாதம் காலைக்கும் பிற்பகலுக்கும் வெளியே பத்து டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கும். காலை எட்டு மணிக்கு ஒப்பீட்டை முடித்து, பிற்பகல் மூன்று மணிக்கு அளவெடுத்தால் கிடைப்பது வேறொரு கருவியின் எண். அதனால் ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னும் பின்னும் ஒப்பீடு செய்வார்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் நடுவில் எடுத்த தரவு முழுவதும் குப்பைக்குத்தான். அடுத்தது, சுவருக்கு மிக அருகில் போனால் கம்பியின் சூடு சுவருக்குள் கடந்துபோகும். காற்றே இல்லாவிட்டாலும் வேகம் இருப்பதாகக் காட்டும். சுவரை நெருங்க நெருங்க வேகம் திரும்பவும் ஏறுவதுபோல் ஒரு வரைபடம் வந்தால், அது புதிய கண்டுபிடிப்பு அல்ல.

அதிர்வெண் நிறமாலையில் இன்னொரு பொறி இருக்கிறது. 50, 100, 150 ஹெர்ட்ஸில் கூரிய முனைகள் நின்றால் அவை மின்வாரிய மின்சாரத்திலிருந்து வருபவை. காற்றின் வேகத்தை மாற்றினாலும் அவை நகராது என்பதால் எளிதில் பிடிபடும். ஆனால் மின்விசிறியின் இதழ்கள் கடக்கும் அதிர்வெண் காற்று வேகத்தோடு சேர்ந்தே நகரும். சுரங்கத்தில் வைத்த மாதிரிப் பொருளின் பின்னால் உதிரும் சுழல்களின் அதிர்வெண்ணும் அப்படித்தான் நகரும். இரண்டையும் பிரிக்க நம்பகமான வழி, மாதிரியைச் சுரங்கத்திலிருந்து எடுத்துவிட்டுத் திரும்ப அளப்பது. முனை அப்போதும் நின்றால் அது விசிறியினுடையது. அரைநாள் வேலைதான். அதைச் செய்யாமல் கட்டுரையை அனுப்பினால், மதிப்பாய்வாளர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

ஒரு புள்ளியில் மட்டும் இல்லாமல் முழுப் பரப்பிலும் வேகம் வேண்டுமென்றால் துகள் பட வேக அளவியல் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் பி.ஐ.வி. என்பார்கள். தண்ணீரில் 10 மைக்ரான் அளவு உள்ளீடற்ற கண்ணாடி உருண்டைகளையும், காற்றில் ஒரு மைக்ரான் எண்ணெய்த் துளிகளையும் கலந்து, ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பச்சை லேசர் தகட்டால் அடுத்தடுத்து இரண்டு முறை ஒளியூட்டி இரண்டு படம் எடுப்பார்கள். படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் துகள் கூட்டம் எவ்வளவு நகர்ந்தது என்று கணினி ஒப்பிடும். இரண்டு ஒளித்துடிப்புகளுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதில்தான் கைத்திறமை. 32 பிக்சல் சதுரமென்றால் துகள்கள் அதில் கால்பங்கு, அதாவது 8 பிக்சலுக்கு மேல் நகரக்கூடாது. 100 மில்லிமீட்டர் அகலத்தை 2,000 பிக்சலில் படம்பிடித்தால் 8 பிக்சல் என்பது 0.4 மில்லிமீட்டர். காற்று வினாடிக்கு 10 மீட்டர் போகிறதென்றால் இடைவெளி 40 மைக்ரோ வினாடி. அதைவிட நீட்டினால் துகள்கள் சதுரத்தை விட்டே ஓடிவிடும். மிகவும் குறைத்தாலோ நகர்வு ஒரு பிக்சலுக்குள் அடங்கி, வழக்கமான 0.1 பிக்சல் பிழையே பத்து சதவீதமாகிவிடும்.

துகளின் படம் 2 பிக்சலுக்கும் சிறியதாக இருந்தால் நகர்வுகள் எல்லாம் முழு எண்களை நோக்கிச் சரியும். நகர்வுகளின் பரவல் படத்தை வரைந்தால் 3, 4, 5 பிக்சல்களில் மலைமுகடுபோல் குவிந்து நிற்கும். லென்ஸின் துளையைக் கொஞ்சம் மூடினால் துகளின் படம் பெரிதாகிச் சரியாகும், ஆனால் ஒளி குறையும். லேசரைக் கூட்டினால் சுவர் பளபளத்துப் படம் கெடும். சுவருக்கு மங்கலான கறுப்பு வண்ணம் அடிப்பது இதற்காகத்தான். சோதனைக்கு முன் கடிகாரம், மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்வார்கள். உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒரு துடிப்பு போதும், பார்வை போய்விடும். லேசரின் அலைநீளத்துக்கு ஏற்ற கண்ணாடி அணியாமல் உள்ளே போகவே கூடாது.

எத்தனை படம் எடுத்தால் போதும் என்பதும் கணக்குதான். வேகம் சராசரியிலிருந்து 10 சதவீதம் ஆடுகிறதென்றால், 500 தனித்தனிப் படங்களில் சராசரியின் பிழை அரை சதவீதத்துக்குள் வந்துவிடும். ஆட்டத்தின் அளவை அறிவதிலோ அப்போதும் 3 சதவீதப் பிழை நிற்கும். இங்கே முக்கியமான சொல் ‘தனித்தனி’. ஒரே சுழல் கடந்துபோகும் நேரத்துக்குள் நூறு படம் எடுத்தால் அது நூறு அளவீடு அல்ல, ஒன்றுதான்.

இனி கணினி. சமன்பாட்டை எந்தத் தோராயமும் இல்லாமல் அப்படியே தீர்க்க வேண்டுமென்றால், ஓட்டம் நடக்கும் இடத்தை மிகச் சிறிய சுழல் வரைக்கும் பிடிக்கும் அளவுக்குச் சிறு கட்டங்களாக, அதாவது வலைக்கண்களாக, பிரிக்க வேண்டும். 1941-இல் கோல்மோகொரோவ் தந்த அளவீட்டின்படி கண்களின் எண்ணிக்கை ரெனால்ட்ஸ் எண்ணின் 9/4 படியாக ஏறும். ரெனால்ட்ஸ் எண் 10,000 என்றால் நூறு கோடிக் கண்கள். நேரப் படிகளையும் சேர்த்தால், ரெனால்ட்ஸ் எண்ணை இரட்டிப்பாக்கும்போது செலவு எட்டு மடங்கு. அறிவியல் கழகத்தில் 2022-இல் நிறுவிய பரம் பிரவேகா என்ற மீக்கணினி 3.3 பெட்டாஃப்ளாப் திறன் கொண்டது. அதைக் கொண்டும் ஒரு முழு விமான இறக்கையை இப்படித் தீர்க்க முடியாது. ஆகவே கொந்தளிப்பைத் தோராயச் சமன்பாடுகளால் மாதிரியாக்குகிறோம். மாதிரி என்று வந்துவிட்டால் அது எங்கே பொய் சொல்லும் என்று தெரிந்திருக்க வேண்டும். தொழிற்சாலைகளில் பெருவழக்கான கே-எப்சிலான் மாதிரி, காற்று நேராக மோதி நிற்கும் இடத்தில் கொந்தளிப்பை மிகையாகக் காட்டும். வளைந்த பரப்பிலிருந்து ஓட்டம் பிரிவதைத் தாமதமாகக் காட்டும். பிரியும் ஓட்டத்தை ஓரளவு நன்றாகப் பிடிப்பது மென்டர் 1994-இல் தந்த எஸ்.எஸ்.டி. மாதிரி.

சுவரையொட்டிய முதல் கண்ணின் உயரத்தில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். பெங்களூருக் காற்று வினாடிக்கு 30 மீட்டரில் ஒரு மீட்டர் நீளத் தட்டின்மேல் ஓடினால், ஒய்-பிளஸ் (சுவரிலிருந்து உள்ள தூரத்தைச் சுவர் உராய்வை வைத்து அளக்கும் பரிமாணமற்ற எண்) ஒன்றாக இருக்க முதல் கண்ணின் உயரம் சுமார் 14 மைக்ரான் இருக்க வேண்டும். தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு. சுவரருகே ஓட்டத்தைத் தீர்க்காமல் சூத்திரத்தால் நிரப்பும் சுவர்ச் சார்பைப் பயன்படுத்துவதாக இருந்தால் ஒய்-பிளஸ் 30-க்கு மேல் போக வேண்டும். நடுவில் 10 என்று வைத்துவிட்டால் இரண்டு வழிக்கும் பொருந்தாமல், உராய்வு மட்டும் தவறி மற்றதெல்லாம் அழகாக வரும். வண்ணப்படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

எஞ்சிய பிழை பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது, ஆகவே விடை சரி என்று சொல்வதும் நடக்கிறது. அது காட்டுவது, அந்த வலைக்கு எழுதிய சமன்பாடுகள் தீர்ந்துவிட்டன என்பதை மட்டுமே. வலை போதுமா என்பது தனிக் கேள்வி. அதற்கு மூன்று வலைகள் வேண்டும், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைந்தது 1.3 மடங்கு நுண்ணியதாக. இழுவை மூன்றிலும் எப்படி மாறுகிறது என்று பார்த்துப் பிழையை மதிப்பிட வேண்டும். அதற்கும் முன்னால், விடை தெரிந்த ஒரு கணக்கைத் தீர்த்துக் காட்ட வேண்டும். ரெனால்ட்ஸ் எண் 100-இல் உருளையைச் சுற்றிய ஓட்டம் இதற்கு நல்ல உரைகல். சுழல்கள் உதிரும் அதிர்வெண்ணைக் காட்டும் ஸ்ட்ரூகல் எண் 0.165-ஐ ஒட்டியும் இழுவைக் குணகம் 1.3-ஐச் சற்றே தாண்டியும் வர வேண்டும். இழுவை 1.5 என்று வந்தால் பெரும்பாலும் பக்கச் சுவர்களை மிக நெருக்கமாக வைத்திருப்போம். காற்றுச் சுரங்கத்திலும் இதே நோய் உண்டு. மாதிரியின் முகப்பரப்பு சுரங்கத்தின் குறுக்குப் பரப்பில் 5 சதவீதத்தைத் தாண்டினால், காற்று இடுக்கில் பிதுங்கி வேகமெடுத்து இழுவையைக் கூட்டிக் காட்டும்.

இதெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது என்று வீட்டில் கேட்பார்கள். குழாயைத் திறந்து காட்டலாம். பெங்களூருக்கு வரும் காவிரி நீர் தொரெக்காடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றப்படுகிறது. உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கன மீட்டருக்கு 1.36 யூனிட் மின்சாரம் செலவாகும். அதற்கு மேல் ஆவது எல்லாம் குழாயின் உள்சுவரில் நடக்கும் கொந்தளிப்பின் விலை, பம்பின் இழப்பு. மின்சாரம் போய்ப் பம்பு சட்டென்று நின்றால், ஓட்டம் வினாடிக்கு ஒரு மீட்டர் குறைவதற்கு எஃகுக் குழாயில் 10 பார் அளவுக்கு அழுத்த அலை எழும். அதைத் தாங்கும்படி எழுச்சித் தொட்டிகளை எங்கே வைப்பது என்பது பாய்மவியல் படித்தவர்களின் கணக்கு.

வானூர்திப் பக்கம் சொல்லவே வேண்டாம். தேசிய வான்வெளி ஆய்வகத்தின் 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கம் 1967 முதல் ஓடுகிறது. சேமித்த அழுத்தக் காற்றைத் திறந்துவிட்டு, வினாடிக்கணக்கில் மட்டும் ஓட்டும் வகை. இந்தியாவின் ராக்கெட்டுகளும் தேஜஸ் விமானமும் மாதிரி வடிவில் அதில் சோதிக்கப்பட்டவை. அறிவியல் கழகத்தின் அதிர்ச்சி அலைச் சுரங்கங்களில் சோதனை நேரம் ஒரு மில்லி வினாடி அளவுதான். அந்த நேரத்துக்குள் விசையை அளக்கச் சாதாரணத் தராசு பயன்படாது, முடுக்கமானி பொருத்திய தராசு வேண்டும்.

ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் நரசிம்மாவும் குழுவினரும் மேகத்தையே தண்ணீர்த் தொட்டிக்குள் கொண்டுவந்தார்கள். மேகத்தில் நீராவி குளிர்ந்து துளியாகும்போது உள்ளுக்குள்ளேயே வெப்பம் வெளிப்படுகிறது. சாதாரணப் புகைத்தூணில் அது கிடையாது. அவர்கள் மின்சாரம் கடத்தும்படி செய்த நீர்த்தாரையை மேலெழ விட்டு, குறிப்பிட்ட உயரத்தில் கம்பிவலைகளுக்கு நடுவே மாறுமின்சாரம் பாய்ச்சி, தாரையை மட்டும் உள்ளிருந்தே சூடாக்கினார்கள். எவ்வளவு சூடாக்குவது என்பதை, இயற்கை மேகத்தின் பரிமாணமற்ற வெப்ப எண்ணோடு பொருத்தினார்கள். தாரை மேகத்தின் வடிவங்களை எடுத்தது, சுற்றியுள்ள நீரை இழுத்துக்கொள்ளும் விதமும் மாறியது. 2011-இல் வெளிவந்த அந்த முடிவு, பருவமழைக் கணிப்பில் மேகங்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்ற கேள்வியைத் தொடுகிறது.

இந்த ஆராய்ச்சிப் படிப்புகளில் சேர்வதற்கு கேட் தேர்வுதான் பெரும்பாலானோர் வழி. மெக்கானிக்கல், ஏரோஸ்பேஸ் தாள்கள் தவிர, பொறியியல் அறிவியல் என்ற எக்ஸ்.ஈ. தாளில் பாய்மவியல் தனிப் பிரிவாகவே இருக்கிறது. மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். நேர்முகத் தேர்வில் கேள்விகள் எளியவையாகத் தோன்றும்: பெர்னூலி சமன்பாட்டை எங்கே பயன்படுத்தக்கூடாது, கட்டுப்பாட்டுக் கனஅளவை எங்கே வரைவீர்கள், ஏன் அங்கே. சூத்திரத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நேரியல் இயற்கணிதமும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் கையில் இருக்க வேண்டும். பைத்தானில் ஒரு பரிமாண வெப்பக் கடத்தலையாவது சொந்தமாக எழுதி, நேரப் படியைக் கூட்டினால் எப்போது விடை வெடிக்கிறது என்று பார்த்திருப்பது பெரிய பலம். உதவித்தொகை, ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) நிலையில் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000.

கைடைத் தேர்ந்தெடுக்கும் முன் அவருடைய ஆய்வுக்கூடத்தை நேரில் பார்ப்பது நல்லது. தமிழ் பேசும் அண்ணனோ அக்காவோ ஏறக்குறைய எல்லா ஆய்வுக்கூடத்திலும் இருப்பார்கள், தயங்காமல் பேசலாம். கேட்க வேண்டியது கட்டுரை எண்ணிக்கையை அல்ல. அழுத்தமானியைக் கடைசியாக எப்போது ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள், சுரங்கத்தின் வெற்றுக் காற்றில் கொந்தளிப்பு எத்தனை சதவீதம், போன மாணவரின் மூலத்தரவு இன்னும் திறக்கும் நிலையில் இருக்கிறதா, லேசர் பழுதானால் சரிசெய்ய எத்தனை மாதம் ஆகிறது. கணினி சார்ந்த ஆய்வுக்கூடமாக இருந்தால், நிரலின் எந்தப் பதிப்பில் எந்த முடிவு வந்தது என்று குறித்துவைக்கிறார்களா, வரிசையில் ஒரு கணக்கு ஓட எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். பதில் சொல்பவர் ஒரு நோட்டைத் திறந்து தேதியோடு காட்டினால் அங்கே சேரலாம்.